பவளப்பாறைத் தன்னார்வம்: எண்ணப் போகலாமா, நடப் போகலாமா?

டைவிங் தெரியும், ஒரு மாதம் லீவும் இருக்கிறது. எங்கே போவது? தாய்லாந்தின் கோ தாவ் தீவில் பவளப்பாறையைக் கணக்கெடுக்கும் வேலை கிடைக்கும். பாலியின் பெமுத்தெரானில் பவளம் நடும் வேலை.

படம் எடுத்துப் போட நடவுதான் அழகு. பெமுத்தெரானில் 2000-ல் தொடங்கிய பயோராக் முறையில், இரும்புக் கம்பிக் கூண்டைக் கடலடியில் இறக்கிக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் செலுத்துகிறார்கள். கம்பிமேல் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். உடைந்து கிடக்கும் பவளத் துண்டுகளை அதில் கட்டிவிடுவார்கள். மின்சாரம் நின்றால் படிவதும் நின்றுவிடும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு கேபிளை யார் பார்த்துக்கொள்வார்கள்? சேருமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

கணக்கெடுப்பில் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடையாது. பல நாடுகளில் பயன்படும் ரீஃப் செக் முறையில் 100 மீட்டர் டேப்பை விரித்து, இடைவெளி விட்டு 20 மீட்டராக நான்கு துண்டு பார்க்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி, அங்கே டேப்புக்கு அடியில் இருப்பது கடினப் பவளமா, மணலா, வெறும் பாறையா? மொத்தம் 160 புள்ளி. பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டே அசையாமல் மிதக்க வேண்டும். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் இடித்தால் போச்சு. அப்புறம் கரையேறி எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுவது வேறு.

ஆனாலும் முதல்முறை போகிறவருக்கு நான் கணக்கெடுப்பைத்தான் சொல்வேன். கடல் சூடேறினால் நட்ட பவளமும் வெளுத்துச் சாகலாம். எவ்வளவு போனது என்று சொல்லப் பழைய கணக்கு வேண்டுமே! மிதப்பு கைவந்தவர், இரண்டு மூன்று மாதம் தங்க முடிந்தவர் என்றால், சரி, பாலிக்கே போகலாம்.