நாகர்கோவில் பழைய புத்தகக் கடையும், அங்க வாங்குன ஜான் குவின்சி ஆடம்ஸ் வாழ்க்கை வரலாறும்

மணிமேடைல இருந்து வடசேரி போற வழில ஒரு சந்துக்குள்ள இருக்க கடை, போர்டெல்லாம் கெடயாது, வாசல்ல கைடும் டிஎன்பிஎஸ்சி மெட்டீரியலும் கட்டுக்கட்டா கெடக்கும், அத தாண்டி உள்ள போனாத்தான் நல்ல சரக்கு இருக்கு. வரலாறு எல்லாம் பின்னால உள்ள ரேக்குல, லைட் பத்தாது, போன் டார்ச் அடிச்சுதான் தேடணும்.

எனக்கு கெடச்சது அமெரிக்காவோட 6வது ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் பத்தி இங்கிலீஷ்ல ஒரு தடி புத்தகம், 150 ரூபா. அட்டை ஓரம் லேசா செல்லரிச்சிருக்கு, ஆனா தையல் பைண்டிங், ஒரு தாள் கூட கழண்டு வரல. காசு வாங்குறதுக்கு முன்னாடி கடைக்கார அண்ணாச்சி தானே முதல்ல இருந்து கடைசி வர புரட்டி பக்கம் ஏதும் போயிருக்கான்னு பாத்துட்டுத்தான் தந்தாரு, வாசிச்சு முடிச்சு கொண்டு வந்தா பாதி வெலைக்கு திருப்பி எடுத்துக்கிடுவேன்னும் சொன்னாரு. இந்த ஒரு காரணத்துக்கே கடைய தாராளமா நம்பி போலாம்.

இனி புத்தகத்துக்கு வருவோம். ரெண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸோட மகன்தான் இவரு, 1767ல பொறந்தவரு, 14 வயசுல அமெரிக்க தூதருக்கு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரா ரஷ்யாவுக்கு போயிருக்காரு. 12 வயசுல எழுத ஆரம்பிச்ச டைரிய சாகுற வரைக்கும் எழுதிருக்காரு, மொத்தம் 51 தொகுதி. புத்தகம் பெரும்பாலும் அந்த டைரிய வச்சுத்தான் ஓடுது, அதனால ஆளு கிட்ட உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு.

1824 எலக்‌ஷன் அத்தியாயம் அருமை. எதிர்த்து நின்ன ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 எலெக்டோரல் ஓட்டு (மாநிலங்க சார்பா தேர்வாளர்கள் போடுற ஓட்டு), ஆடம்ஸுக்கு 84, யாருக்கும் மெஜாரிட்டி இல்ல, மாநிலத்துக்கு ஒரு ஓட்டுன்னு முடிவு பிரதிநிதிகள் சபைக்கு போயி 13 மாநிலம் ஆடம்ஸ் பக்கம் நின்னு அவரு ஜெயிச்சாரு, ஆதரவு குடுத்த சபாநாயகர் ஹென்றி கிளேய வெளியுறவு செயலரா போட்டதும் பேரம் பேசிட்டாங்கன்னு பேரு கெட்டுப் போச்சு. இதுல வேதனை என்னன்னா, 1818ல ஜாக்சன் அப்ப ஸ்பெயின் கைல இருந்த ப்ளோரிடாவுக்குள்ள படையோட புகுந்தப்போ, அன்னைக்கு ஜனாதிபதியா இருந்த மன்றோவோட அமைச்சரவைல ஜாக்சனுக்காக வாதாடுன ஒரே ஆளு இந்த ஆடம்ஸ்தான். முன்னால இந்த புத்தகத்த வச்சிருந்த ஆளு அந்த ஓட்டுப் பட்டியல் பக்கத்துல பென்சில்ல கூட்டிப் பாத்து வச்சிருக்காரு, வாசிக்கும்போது தொணைக்கு ஒரு ஆளு இருந்த மாதிரி இருந்துச்சு.

ஜனாதிபதியா இருந்த நாலு வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல, ரோடு, கால்வாய், தேசிய பல்கலைக்கழகம், வான் ஆய்வகம்னு ஒருபாடு திட்டம் வச்சாரு, காங்கிரஸ் பெரும்பாலும் விடல. 1828ல ஜாக்சன்கிட்ட தோத்தாரு.

அதுக்கப்புறம் வர்ற பாகத்துக்காகத்தான் நான் இத எழுதுறேன். 1830ல பிரதிநிதிகள் சபைக்கு சாதாரண உறுப்பினரா நின்னு ஜெயிச்சு, 1831ல இருந்து 1848 வரைக்கும் அங்கேயே இருந்திருக்காரு. நம்ம ஊருக்காரங்களுக்கு இது சட்டுன்னு புரியும், முதலமைச்சரா இருந்து விருதுநகர்ல தோத்த காமராஜர 1969 இடைத்தேர்தல்ல நாகர்கோவில் பார்லிமென்ட்டுக்கு அனுப்புனது நாமதான. அடிமை முறைய எதிர்த்து வர்ற மனுவ சபைல எடுக்கவே கூடாதுன்னு 1836ல தீர்மானம் போட்டுட்டாங்க, கெழவன் விடல, ஒவ்வொரு வருஷமும் மனுக்கட்டோட எழும்பி நின்னுருக்காரு, 1842ல அவர கண்டிக்க தீர்மானம் கொண்டு வந்தப்பவும் நாள்கணக்கா பேசி தோக்கடிச்சாரு, கடைசில 1844 டிசம்பர்ல அவரு கொண்டு வந்த தீர்மானத்துலயே அந்த தடை ஒழிஞ்சுது. நடுவுல 1841ல, 73 வயசுல, அடிமையா கொண்டு போனப்போ கலகம் பண்ணி ஆமிஸ்டாட் கப்பல்ல பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நாளா மணிக்கணக்குல வாதாடி அவங்கள விடுவிக்க வச்சாரு. 1848 பிப்ரவரி 21 சபைல தன் இருக்கைலயே சாஞ்சு விழுந்து, ரெண்டு நாள் கழிச்சு அந்த கட்டடத்துலயே உயிர் போச்சு. ஜனாதிபதி பதவிய விட இந்த 17 வருஷம்தான் பெரிய வாழ்க்கைன்னு எனக்கு உறுதியா தோணுது, படிச்சு பாத்தா நீங்களும் ஒத்துக்கிடுவிங்க.

கொறன்னு சொன்னா மனைவி லூயிசா பத்தி ரொம்ப கம்மி, ரெண்டு மகன்மாரு அடுத்தடுத்து செத்த எடத்த கூட அவசரமா தாண்டிட்டாங்க, அது சரியில்ல. இங்கிலீஷ் கொஞ்சம் கடினம், ஆனா வாக்கியம் சின்னதாத்தான் இருக்கு, பின்னால இன்டெக்ஸ் நல்லா கொள்ளாம். குரூப் ஒண்ணுக்கு படிக்கிற பிள்ளைங்க பழைய மொழிபெயர்ப்பு எதும் இருக்கான்னும் அங்க கேட்டுப் பாருங்க.

கடை ஞாயித்துக்கெழமை கெடயாது, மத்த நாள் காலைல போங்க, சாயங்காலம் ஸ்கூல் பிள்ளைங்க கூட்டம். ஜிபே இருக்கு. ஜாக்சன் பத்தி ஏதாவது வந்தா எடுத்து வைக்க சொல்லி என் நம்பர குடுத்துட்டு வந்திருக்கேன்.