நவகிரகக் கோயிலுக்கு வேன் எடுப்பவர்கள் கவனத்துக்கு: டிரைவர் நிறுத்தும் ஹோட்டலில் விலை கேட்காமல் உட்காராதீர்கள்

கும்பகோணத்தில் தங்கி நவகிரகக் கோயில்களுக்கு வேன் எடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிரைவர் கொண்டுபோய் நிறுத்தும் ஹோட்டலில் விலை கேட்காமல் இலை முன்னால் உட்காராதீர்கள். முடிந்தால் அங்கே சாப்பிடவே வேண்டாம். ஐந்து பேர் சாப்பிட்ட ஒரு மதியச் சாப்பாட்டுக்கு எங்களிடம் 2,783 ரூபாய் கேட்டார்கள். பணத்தை விடுங்கள். சம்பந்தி வீட்டாரை முதன்முதலாகத் தஞ்சாவூர்ச் சீமைக்குக் கூட்டி வந்திருந்த என் சித்தி, அந்தச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தி பிறந்து வளர்ந்தது கும்பகோணம். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனவள். "எங்க ஊர்ச் சாப்பாட்டை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க" என்று சம்பந்தியம்மாவிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆசையோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி, சித்தப்பா, சம்பந்திகள் இருவர், நான் என்று கிளம்பினோம். சூரியனார்கோயில், கஞ்சனூர் இரண்டும் முடிந்தன. சாயங்காலம் திருநாகேஸ்வரம்.

இந்த ஏமாற்று வேலை நடப்பதே கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில்தான். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குள் நடை சாத்தி, நாலு மணிக்குத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. அந்த நேரத்தில் ராகு பகவானுக்கு நடக்கும் பாலாபிஷேகத்துக்காகத் திருநாகேஸ்வரத்தில் கூட்டம் அலைமோதும். அதுவரை வெளியூர்க்காரர்களுக்குப் போக இடமில்லை, பசி, வெயில், கூடப் பெரியவர்கள். வேன் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பாடு. அந்த மூன்று மணி நேரத்தை நம்பியே மெயின் ரோட்டோரம் சில ஹோட்டல்கள் நடக்கின்றன.

"டவுனுக்குள்ள போயிடுவோம் தம்பி, எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு" என்று சித்தி முன்னாலேயே சொன்னாள். டிரைவர் விடவில்லை. "டவுன்ல பார்க்கிங் கிடைக்காதும்மா. ரூட்லயே சுத்தமான இடம் இருக்கு. நம்ம பார்ட்டிங்க எல்லாரும் அங்கதான் சாப்பிடுவாங்க." சம்பந்தி நடந்து களைத்திருந்தார். "எங்கயோ ஒரு எடத்துல உட்காருவோமுங்க" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வாசலில் பித்தளைக் குடம், கோலம், "பாரம்பரியச் சுவை" என்று ஆள் உயர போர்டு. உள்ளே எங்கும் விலைப்பட்டியல் இல்லை. கல்லாவில் இருந்தவர் எங்களைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார். நீள நோட்டு ஒன்றில் வண்டி நம்பரை எழுதி, பக்கத்தில் '5' என்று போட்டுக்கொண்டார். டிரைவர் பின்பக்கத்து அறைக்கு, வழக்கமாகப் போகிறவர் போல, நேராகப் போனார்.

போட்ட இலை வாழையிலை இல்லை. பச்சை நிறத்தில் நரம்பு அச்சடித்த, மேலே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் இலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டினால் வாழைக்கொல்லை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுக்கும், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சூடான சோறு விழுந்ததும் இலையின் ஓரம் சுருண்டு மேலே எழும்பியது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சம்பந்தி வீட்டார் கையில் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது யாரால் எழ முடியும்? இவர்கள் கணக்குப் போடுவதே அந்தச் சங்கடத்தின் மேல்தான். கோயில் வந்த நாளில், பெரியவர்கள் முன்னால், யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"என்ன இருக்கு?" என்றேன். "ஸ்பெஷல் மீல்ஸ்தான் மேடம் ஓடுது." விலை கேட்டதற்கு, "நார்மல் ரேட்தான், உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே சப்ளையர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். பிறகு நாங்கள் கேட்காமலே ஒவ்வொன்றாக வந்தது. ஆளுக்கொரு வடை. ஆளுக்கொரு கிண்ணம் பாயசம். மூடி திருகித் திறந்த தண்ணீர் பாட்டில் மூன்று. அப்புறம், "இது எங்க ஊர் ஸ்பெஷல், கும்பகோணம் கடப்பா" என்று ஒரு கிண்ணம்.

சித்தி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். சிவப்பாக, மேலே எண்ணெய் மிதந்தது. கடப்பா என்பது பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய், பூண்டு அரைத்து ஊற்றிக் கொதிக்கவைப்பது. வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். மிளகாய்த்தூள் அதில் கிடையவே கிடையாது. இட்லிக்கும் தோசைக்கும் ஊற்றிக்கொள்வது, மதியச் சோற்றோடு யாரும் போடுவதில்லை. வந்தது ஹோட்டல் குருமாவில் உருளைக்கிழங்கை மசித்துப் போட்டது. "இதுவா நீங்க சொன்னது?" என்று சம்பந்தியம்மா ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோறு காலையிலேயே வடித்து ஆறிப்போனது, சாம்பார் மட்டும் கொதித்தது. வடையைப் பிட்டால் காறல் வாசனை, பழைய எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் பொருட்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. கருவி இல்லாமல் அளவு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காறலுக்கு மூக்கே போதும். தயிர் புளித்திருந்தது. சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி முழுக்க வயிற்றுவலி.

இப்போது பில். துண்டுத்தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. தலைப்பில் ஹோட்டல் பெயர் இல்லை, 'எஸ்டிமேட்' என்று மட்டும். மீல்ஸ் 320 வீதம் 1,600. கடப்பா 60 வீதம் 300. வடை 30 வீதம் 150. பாயசம் 50 வீதம் 250. தண்ணீர் 40 வீதம் 120. கூட்டினால் 2,420. அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று 121, சர்வீஸ் என்று 242. மொத்தம் 2,783.

"கேக்காம வச்சதுக்கெல்லாம் எதுக்குங்க பில்?" என்றேன். "சாப்பிட்டீங்கல்ல மேடம்?" என்றார். ஜிஎஸ்டி நம்பர் கேட்டேன். "அது ஆடிட்டர்கிட்ட இருக்கு."

இந்த இடத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரி வாங்குகிற ஹோட்டல் பில்லில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டுக் கடையென்றால் அது 33 என்று தொடங்கும். திருநள்ளாறு, காரைக்கால் பக்கம் சாப்பிட்டால் அது புதுச்சேரி, 34. பதிவு இல்லாத கடை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்க முடியாது. காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சின்னக் கடைகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கும் கடையும் தன் வரியைத் தானே கட்ட வேண்டும், நம் தலையில் போடக் கூடாது. எண் இல்லாத தாளில் ஜிஎஸ்டி என்று எழுதி வாங்கும் பணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை. அதேபோல உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினாலு இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

சர்வீஸ் சார்ஜை அவர்களாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. இதை நான் எடுத்துச் சொன்னதும் கல்லாக்காரர் ஒன்றும் பேசாமல் 242-ஐ அடித்தார். சட்டம் அவருக்குத் தெரியும். கேட்காதவர்களிடம் வாங்கிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்: உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் எம்ஆர்பிக்கு மேல் விற்பதை எடையளவுச் சட்டத்தின் கீழ் குற்றமாக்க முடியாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வேண்டாமென்றால் மூடி திறப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேனில் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

மிச்சத்தைக் கொடுத்தோம். க்யூஆர் ஸ்கேன் செய்தால் ஹோட்டல் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். நாங்கள் செருப்பு போடும்போது கல்லாக்காரர் அந்த நீள நோட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து டிரைவர் கையில் கொடுத்ததைச் சித்தப்பாவும் பார்த்தார்.

இத்தனைக்கும் மேப்பில் அந்த இடத்துக்கு நிறைய நட்சத்திரம். கல்லா மேஜையில் விமர்சனம் எழுத ஒரு க்யூஆர் அட்டை, எழுதிக் காட்டினால் ஐஸ்கிரீம் இலவசம். நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். விலைப்பலகை அல்லது பில்லின் படம் யாராவது போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். அந்த ஹோட்டலுக்குச் சாப்பாட்டுப் படங்கள் எத்தனையோ, பில் படம் ஒன்றுகூட இல்லை.

நல்ல சாப்பாடு இந்தச் சீமையில் இல்லாமல் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை சித்தி பிடிவாதமாகக் கும்பேஸ்வரன் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா காபி ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாள். பித்தளை டபரா டம்ளரில் நுரையோடு காபி வந்ததும் சம்பந்தி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஹைவே முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு இருக்கிறது. போர்டை நம்பாதீர்கள். காபித்தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை கலக்க விதி அனுமதிக்கிறது. பல இடங்களில் கறுப்பு நிறமும் கசப்பும்தான் மிஞ்சும், மணம் இருக்காது. டவுனுக்குள் கோயில் வீதிகளிலும் மார்க்கெட் பக்கமும் உள்ளூர்க்காரர்கள் பார்சலுக்குத் தூக்கு கொண்டுவந்து நிற்கும் மெஸ்களைப் பாருங்கள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல மெஸ்ஸில் சோறு தீர்ந்துவிட்டது என்பார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இனிப்புக்குத் திருவையாறு அசோகா அல்வா, சூடாக வாங்கினால் பாசிப்பருப்பு மணம் தெரியும். நீடாமங்கலம் வழி போனால் பால்திரட்டு.

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்குக் கிடைக்கும் பேட்டா குறைவு, ஹோட்டலில் இலவசச் சாப்பாடும் கொஞ்சம் காசும் கிடைத்தால் அவர்கள் அங்கேதான் நிறுத்துவார்கள். அதனால் வேன் பேசும்போதே ஓனரிடம் சொல்லிவிடுங்கள்: "மதியச் சாப்பாடு நாங்க சொல்ற இடத்துல. டிரைவர் சாப்பாட்டுக்காசு நாங்க கொடுத்துடுறோம்." மறுநாள் இதே டிரைவரிடம் காசைக் கையில் கொடுத்துச் சொன்னோம். டவுனுக்குள் பார்க்கிங்கும் கிடைத்தது.

2028 மாசியில் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் இந்த ஊருக்கு முதன்முறையாக வருவார்கள். அதற்குள் இந்த மாதிரிக் கடைகள் மேல் புகார் குவிய வேண்டும். சாப்பாட்டின் தரம், சுத்தம் பற்றிய புகாரை உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பலாம். பில், சர்வீஸ் சார்ஜ் பற்றி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் இரண்டு எண்களுக்கும் அனுப்பிவிட்டேன். விசாரணை முடியும்வரை ஹோட்டல் பெயரைப் பொதுவில் போடப் போவதில்லை. நீங்கள் புகார் கொடுப்பதாக இருந்தால் நாலு படம் அவசியம்: வாசல் போர்டு, இலை, எழுதிக் கொடுத்த தாள், பணம் போன பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட். தாளை அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். கொடுக்காதீர்கள்.