மாஸ்க்டு ஆதார்: பெண் பார்த்த நாள் முதல் குழந்தை பிறந்தது வரை

வீட்டில் எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, நகல் கேட்டவர்களுக்கெல்லாம் கூடியவரை மாஸ்க்டு ஆதாரையே கொடுத்து வருகிறேன். அதில் ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கல்யாண மண்டபத்தில்தான் முதல் தகராறு. "நம்பரே விழவில்லையே, வேறு ஜெராக்ஸ் கொடுங்கள்" என்றார் மேலாளர். ஆதார் க்யூஆர் ஸ்கேனர் செயலியில் அந்த க்யூஆர் கோடைக் காட்டினேன். பெயரும் போட்டோவும் திரையில் வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுத் தரகர் கேள்வியே கேட்கவில்லை. மானியம் வரும் வங்கிக் கணக்குக்கு மட்டும் முழு எண் தேவைப்பட்டது, கொடுத்தேன். ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க விர்ச்சுவல் ஐடி 2018-இலேயே வந்துவிட்டது. நான் போன இடங்களில் அதைக் கேட்டவர் ஒருவருமில்லை.

பெரிய குறை பாஸ்வேர்டு. இறக்கிய ஃபைலைத் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் போதும். கல்யாணச் சமயத்தில் இதைவிட வேடிக்கை வேறில்லை. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் ஜாதகமாக அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறோம். கல்யாணத் தரகரின் வாட்ஸ்அப்பில் ஜாதகமும் ஆதார் ஃபைலும் அடுத்தடுத்துக் கிடந்தால் பாஸ்வேர்டு இருந்தென்ன, இல்லாமலென்ன? எண்ணை மறைத்த ஃபைலாக இருந்தால் சேதம் அவ்வளவு இல்லை.

கைரேகையைப் பூட்டும் பயோமெட்ரிக் லாக் பாதுகாப்பில் இன்னும் ஒரு படி மேல். ஆனால் ரேஷன் கடையில் மானத்தை வாங்கும். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, விரலை எத்தனை முறை வைத்தாலும் மெஷின் ஏற்காது. அங்கேயே நின்று செல்போனில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுத்தான் அரிசி வாங்க வேண்டும். மாதாமாதம் ரேஷனுக்குப் போகும் அம்மாவுக்கு இதைப் போட்டுவிட மாட்டேன். எனக்குச் சரிதான்.

குழந்தைக்கு ஆதார் எடுத்தபோதும் இதே கதை தொடர்ந்தது. தடுப்பூசி, காப்பீடு என்று எங்கே நகல் கேட்டாலும் மறைத்ததைத்தான் நீட்டுகிறோம்.

ஊர் மாறும்போது செல்போன் எண்ணையும் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: இவை எல்லாமே ஓடிபியை நம்பித்தான் இருக்கின்றன. ஆதாரில் புதிய எண்ணைப் பதிந்த பிறகே பழைய சிம்மை விடுங்கள். இணைப்பு போன எண்ணை 90 நாள்களுக்குப் பிறகு நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் அதே எண் என்றால் அங்கேயும் மாற்றிவிடுங்கள்.