கேமரன் மலையா, பத்து பெரிங்கியா, ஆயர் ஈத்தாம் வீடேவா?

கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து பினாங்கின் ஆயர் ஈத்தாமுக்கு நாங்கள் வீடு மாறி வந்த மறுவாரமே பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் மலேசியாவில் கோடை என்று தனியாக ஒன்று இல்லாவிட்டாலும், விடுமுறை விட்டால் பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போயாக வேண்டும் என்ற வழக்கம் மட்டும் உறுதியாக இருக்கிறது. கேமரன் மலை, பத்து பெரிங்கிக் கடற்கரை விடுதி, வீட்டிலிருந்தபடியே பினாங்கைச் சுற்றுவது என மூன்று யோசனைகள் எழுந்தன. வரவேற்பறையில் பதினேழு அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்ததால், அந்த யோசனைகளை ஒப்பிட நான் முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோல், எந்த யோசனைக்கு எத்தனை முறை பை கட்டிப் பிரிக்க வேண்டும் என்பதே.

கேமரனின் குளிருக்கு ஈடு சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் அதன் தானா ராத்தா ஊரில் இரவில் போர்வை தேவைப்படும். 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளைப் பார்த்தபடி ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதற்காகவே அங்கே போகலாம். ஆனால் பினாங்கிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகப் போனாலும் நான்கு மணி நேரம் ஆகும். விடுமுறை நாள்களில் கேமரனின் பிரிஞ்சாங் ஊரை நெருங்கும்போது வாகனங்கள் நத்தையாக ஊர்வதையும், வளைவுகளில் வாந்தி எடுக்கும் என் இளைய மகனையும் கணக்கில் சேர்த்தால், போகவர ஒவ்வொரு நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். கம்பளிச் சட்டைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. இந்தத் திட்டத்தைக் கேட்ட என் மாமியார், "ஏம்மா, திரும்பவும் மூட்டை கட்டணுமா?" என்று கேட்டதோடு என் ஆர்வம் பாதி வடிந்துவிட்டது.

பத்து பெரிங்கி அருகில் இருக்கிறது; தஞ்சோங் புங்ஙாவைத் தாண்டி வளைந்து செல்லும் கடலோரச் சாலையே ஒரு சுகம். பிள்ளைகளுக்கு நீச்சல் குளம், இரவில் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை, சமையலிலிருந்து எனக்கு விடுதலை. குறைகளும் உண்டு. கடலில் சொறிமீன் அச்சம் இருப்பதால் பிள்ளைகள் பெரும்பாலும் குளத்திலேயே கிடப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்குள் விட்டு, நண்பகலுக்குள் காலி செய்யச் சொல்லும் வழக்கத்தால் ஓரிரவுக்குக் கொடுக்கும் பணம் ஒரு முழு நாளைக்கூடத் தருவதில்லை. பள்ளி விடுமுறையில் கட்டணமும் ஏறிவிடும். பெட்டிகள் கண்ணில் படாத இரண்டு நாள்கள் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அந்தச் செலவு தகும்.

மூன்றாவது யோசனையை முதலில் நானே மலிவாக நினைத்தேன். புதிய வீட்டில் என் மகள் இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, செந்தூல் வீட்டுப் பழக்கத்தில் கதவின் இடப்பக்கச் சுவரைத் தடவி விளக்குச் சுவிட்சைத் தேடியதைப் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது. இன்னும் எங்களுக்குப் பழகாத ஒரு வீட்டை அப்படியே பூட்டிவிட்டு வேறோர் அறையில் போய்ப் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு, கொடிமலை எனப்படும் பினாங்கு மலையின் அடிவார ரயில் நிலையம் எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் 2011-இல் புதுப்பிக்கப்பட்ட பின், பாதி வழியில் வண்டி மாறும் தொல்லையும் இல்லை. கேமரன் குளிரை அங்கே எதிர்பார்க்கக்கூடாது; கீழே இருப்பதைவிடச் சில பாகை குறையும், அவ்வளவுதான். ஆனாலும் உச்சியில் முருகன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். இன்னொரு நாள், 1884-இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை மாமியார் குனிந்து எடுத்து, அதற்குள் இருக்கும் லிங்கத்தைப் பேரனுக்குக் காட்டினார். அங்குள்ள குரங்குகள் பிஸ்கட் பையைப் பறித்துச் சென்றது தனிக்கதை. பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் இருக்கின்றன. அவற்றை மகளும் கணவரும் ஏறினார்கள், நாங்கள் கீழே இருந்துகொண்டோம். ஜூனில் பாலிக் பூலாவ் ஊரின் டுரியான் பழம் வேறு கிடைக்கும்.

இதன் பெரிய குறை பெட்டிகள்தாம். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது, ஒன்றைப் பிரித்தால் இன்னொன்றும் இழுக்கும். ஆகவே எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்கிப் பூட்டி, சாவியை மாமியாரிடம் கொடுத்துவிட்டோம். தோசைக்கல் உள்ளே மாட்டிக்கொண்டதால் அந்த வாரம் முழுவதும் காலைப் பசியாறல் கடையில்தான்; அதற்கான செலவை வீட்டு யோசனையின் கணக்கில் நேர்மையாகச் சேர்த்துவிட்டேன். அப்படியும் பத்து பெரிங்கியின் ஓரிரவு வாடகையை அது தொடவில்லை.