சம்பளம் தரும் நிறுவனமா, கட்டணம் கேட்கும் நிறுவனமா?

நிறுவனத்தின் பணத்தில் பங்கு, நாணயம் போன்றவற்றை வாங்கி விற்பதுதான் ‘ப்ராப் டிரேடிங்’. இந்தப் பெயரில் இரண்டு வகை நிறுவனங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1986-ல் தொடங்கிய ஆப்டிவர் போன்ற பழைய பாணி நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுத்து, சம்பளம் கொடுத்து, சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்பவை. நம்மிடம் காசு கேட்பதில்லை.

இணையத்தில் ‘சேலஞ்ச்’, அதாவது ‘தேறினால் எங்கள் பணத்தில் வர்த்தகம் செய்யலாம்’ என்ற தேர்வை, விற்பவர்கள் கதை வேறு. முதலில் கட்டணம், அப்புறம் தேர்வு. தேறினாலும் பல இடங்களில் கையில் கிடைப்பது நிஜப் பணம் இல்லாத டெமோ கணக்குதான். தோற்பவர்களின் கட்டணமே முக்கிய வருமானம் என்றால், நாம் ஜெயிப்பதில் அவர்களுக்கு என்ன அக்கறை?

இப்படிச் சேலஞ்ச் விற்ற மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் மீது அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான சிஎஃப்டிசி 2023-ல் வழக்குப் போட்டது. 2025-ல் ஆணையத்தின் தவறான நடத்தைக்காகவே நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆக, வழக்கு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பணம் எடுக்கும் விதிகளை வரிவரியாகப் படியுங்கள். ‘சீரான லாபம்’ (லாபத்தின் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே வந்துவிடக் கூடாது) என்ற நிபந்தனையில்தான் பலருடைய லாபம் மாட்டிக்கொள்கிறது.

என் ஓட்டு சம்பளம் தருபவர்களுக்கே.