சார்லியா, டெட்சுவோவா, அந்தோணியா: யாருக்கு இன்னொரு வாய்ப்பு?

கையில் அளவில்லாத சக்தி, சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை, மீசை சரியாக அரும்பாத வயது. இப்படி ஒரு பையனை என்ன செய்வது என்று பழைய அறிவியல் புனைகதைகள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன. அவை சொன்ன பதில்களைக் கூட்டிப் பார்த்தால் நாலுக்கு மேல் தேறாது. துரத்திவிடு, கொன்றுவிடு, மனசை மாற்றிவிடு, எதுவும் முடியாவிட்டால் அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டு. மன்னித்து வீட்டோடு வைத்துக்கொள் என்று சொல்லத் துணிந்த கதை அபூர்வம்.

மூன்று பையன்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். 1966 செப்டம்பரில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘சார்லி எக்ஸ்’ அத்தியாயத்தில் வரும் சார்லி எவன்ஸ். கட்சுஹிரோ ஓட்டோமோ இயக்கி 1988-ல் வந்த ‘அகிரா’ அனிமேஷன் படத்தின் டெட்சுவோ. 1961-ல் ட்விலைட் ஸோன் தொடரில் ஓர் ஊரையே ஆட்டிப்படைத்த ஆறு வயது அந்தோணி. மூவருமே கொலை செய்தவர்கள். அதை மறைத்துவிட்டு யாருக்கும் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு இதை வெறும் கதைப் பேச்சாகப் பேச முடிவதில்லை. நாங்கள் இருப்பது ஆர்.கே.புரம். 2012 டிசம்பரில் நிர்பயா கூட்டு வன்புணர்வுக் கொலை நடந்த அந்தப் பேருந்து ஆள் ஏற்றிய முனிர்கா எங்களுக்குக் கூப்பிடு தூரம். பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு நிறையச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அப்போதைய சட்டப்படி அவனுக்கு அதிகபட்சமாகக் கொடுக்க முடிந்தது சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு. 2015 டிசம்பர் 20-ஆம் தேதி அவன் வெளியே வந்தான். 22-ஆம் தேதி புதிய சிறார் நீதி மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. கொடுங்குற்றம் செய்தவனுக்கு 16 நிறைந்து 18 நிறையவில்லை என்றால், அவனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்பதை முதலில் சிறார் நீதி வாரியம் மதிப்பிட வேண்டும் என்றது அதன் 15-ஆம் பிரிவு.

இந்தப் பிரிவை எங்கள் விவாதத்துக்குள் இழுத்து வந்தவள் அக்கா மகள். டெல்லிப் பல்கலையில் சட்டம் படிக்கிறாள். “மாமா, சார்லிக்குப் பதினேழு. பதினஞ்சாவது பிரிவுல நேரா வந்து மாட்டுறான். டெட்சுவோவுக்குப் பதினஞ்சுதான், என்ன பண்ணியிருந்தாலும் மூணு வருஷத்துக்கு மேல குடுக்க முடியாது. அந்தோணிக்கு ஆறு. ஏழு வயசுக்குள்ள இருக்கிற குழந்தை என்ன செஞ்சாலும் நம்ம ஊர்ல குற்றமே கிடையாது.” மூன்று வரியில் மூன்று தீர்ப்பு. பக்கத்து ஃப்ளாட் சார், அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். “டோக்கியோவையே தரைமட்டமாக்கினவனுக்கு மூணு வருஷமா?” என்றார்.

அந்தப் பிரிவு கேட்கச் சொல்வது மூன்று விஷயம். குற்றத்தைச் செய்யும் உடல், மனத் திறன் இருந்ததா? அதன் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா? எந்தச் சூழலில் செய்தான்? சார்லியை வைத்து இதைப் போட்டுப் பார்ப்பதுதான் சுவாரஸ்யம். மற்ற இருவரில் ஒருவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான், இன்னொருவன் கதையே வேறு.

மூன்று வயதில் விண்கப்பல் விழுந்து நொறுங்கி, தாசஸ் என்ற கிரகத்தில் தன்னந்தனியாகத் தப்பியவன் சார்லி. அங்கே உருவமில்லாத தாசியர்கள் இருந்தார்கள். பிழைத்துப் போகட்டும் என்று குழந்தைக்குத் தங்கள் சக்தியைக் கொடுத்தார்கள். 14 ஆண்டு அவன் இன்னொரு மனிதரைப் பார்க்கவில்லை. அன்டாரிஸ் என்ற கப்பல் அவனைக் கண்டெடுத்து, எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் ஏற்றிவிட்டு, விட்டால் போதும் என்று கிளம்பிவிடுகிறது. ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் அது. எண்டர்பிரைஸின் கேப்டன் கிர்க் கேட்கவில்லை.

நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்த காட்சி இதற்குப் பிறகு வருகிறது. கப்பலின் நடைவழியில் வேலை முடித்த ஒருவன் இன்னொருவனைப் பின்புறத்தில் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறான். ஆண்களுக்குள் நடக்கும் சாதாரணக் கிண்டல். சார்லி அதை உற்றுப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, கப்பலில் வேலை பார்க்கும், தனக்குப் பிடித்துப்போன ஜானிஸ் ராண்டுக்கு ஒரு வாசனைத் திரவியப் புட்டியைக் கொடுக்கிறான். அவள் நகரும்போது, பார்த்ததை அப்படியே செய்கிறான். அவள் அதிர்ந்துபோய், இது கூடாது, ஏன் என்று கேப்டனிடம் போய்க் கேள் என்கிறாள். பையன் நல்ல பிள்ளையாகப் போய்க் கேட்கிறான். நட்சத்திரங்களுக்கிடையே நானூறு பேரை ஓட்டிச் செல்லும் கிர்க் தடுமாறுகிறார். ஆணுக்கு ஆண் என்றால் ஒரு மாதிரி, ஆணுக்குப் பெண் என்றால் வேறு மாதிரி என்று எதையோ சொல்லி முடிக்காமலே விட்டுவிடுகிறார்.

விளைவு புரிந்ததா என்ற இரண்டாவது கேள்வியில்தான் நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம். எண்டர்பிரைஸை எச்சரிக்க வாய் திறந்த அன்டாரிஸ் பாதிப் பேச்சில் வெடித்துச் சிதறுகிறது. அதன் உலைக் கவசத்தில் இருந்த ஒரு தகட்டைச் சார்லி நினைத்தே மறைய வைத்திருக்கிறான். கேட்டால், தகடு ஏற்கெனவே வளைந்திருந்தது, எப்படியும் வெடித்திருக்கும் என்கிறான். அவர்கள் என்னிடம் நல்லபடியாக இல்லை, என்னைத் தொலைத்துக்கட்டப் பார்த்தார்கள் என்கிறான். இப்போது அப்படி நினைக்க மாட்டார்கள் என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்க்கிறான்.

சாருக்கு அந்தக் கடைசி வார்த்தையே போதும். “தெரிஞ்சுதான் செஞ்சான். ஃபைலை மூடு.” அக்கா மகளும் ஏறக்குறைய அதே கட்சி, ஆனால் காரணம் வேறு. சாக்குச் சொல்லத் தெரிந்தவனுக்குக் குற்றம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கிறது என்பது அவள் வாதம். வலுவான வாதம்தான். எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். இவனை வளர்த்தவர்களுக்கு உடம்பே கிடையாது. தோன்றுவதும் மறைவதும்தான் அவன் கண்ட ஒரே வாழ்க்கை முறை. தன்னைப் பார்த்துச் சிரித்த கப்பல் ஊழியன் ஒருவனைக் காணாமல் போகச் செய்யும்போது, அந்த ஆளுக்கு என்ன நேர்ந்தது என்பது அவனுக்கு எந்த அளவுக்கு உறைத்திருக்கும்? உறைக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ராண்டின் அறைக்குள் அழைக்காமல் ரோஜாப்பூவோடு நுழைந்து, அவள் அறைந்ததும் அவளையும் மறைய வைத்தவன் அவன். அந்த இடத்தில் சூழ்நிலை, வளர்ப்பு என்றெல்லாம் பேச நாக்கு கூசுகிறது. சமவயதுப் பெண் டீனாவைப் பல்லியாக்கியதற்கும் சமாதானம் கிடையாது.

தீர்ப்பு சொல்ல வருபவர்கள் யார் என்று பாருங்கள். அதே தாசியர்கள். ராண்டைத் திருப்பித் தருகிறார்கள், அன்டாரிஸை மட்டும் மீட்க முடியவில்லை என்கிறார்கள். இவன் எங்கள் இனத்தவன், எங்களோடு இருக்கட்டும், கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கலாம் என்று கிர்க் மன்றாடுகிறார். முடியாது, இவன் உங்களை அழிப்பான், இல்லையென்றால் நீங்கள் இவனை அழிக்க வேண்டி வரும் என்று முடித்துவிடுகிறார்கள். அவர்களால் அன்பு காட்ட முடியாது, தொடக்கூட முடியாது என்று பையன் கதறுவது அவர்கள் காதில் ஏறவில்லை. மூன்று வயதுக் குழந்தையின் கையில் அந்தச் சக்தியைத் திணித்தவர்கள் சாட்சிக்கூண்டில் நிற்க வேண்டியவர்கள். இங்கே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் கதையில் அசுவத்தாமனுக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றான், கருவின் மேலும் அஸ்திரம் விட்டான், மூவாயிரம் ஆண்டு தனியாக அலையும்படி சாபம் வாங்கினான். ஆனால் அங்கே இரண்டு விஷயம் கூடுதலாக நடந்தது. முதலில் நெற்றி மணியைப் பிடுங்கினார்கள். அடுத்ததாக, பாகவதம் சொல்கிறபடி, பிள்ளைகளைப் பறிகொடுத்த திரௌபதியின் வார்த்தைக்கு இடம் இருந்தது. இவன் தாயும் என்னைப் போல அழ வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றாள். எண்டர்பிரைஸில் ராண்ட் கட்டுப்பாட்டு அறையிலேயே நிற்கிறாள், கண் கலங்க நிற்கிறாள், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்புக் கொடுக்கும் உரிமை அவளுடையதா கிர்க்குடையதா என்ற கேள்வி கதை எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போல. என் கணக்கில் அந்த அத்தியாயத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

டெட்சுவோவுக்கு வருவோம். இவனை வளர்த்தது நியோ டோக்கியோவின் அநாதை இல்லம். அங்கே சேர்ந்த நாளிலிருந்து கனேடா இருக்கிறான். அடி வாங்கினால் காப்பாற்றுவான், பைக் கும்பலில் சேர்த்துக்கொள்வான், ஆனால் தன் சிவப்பு பைக்கை ஓட்டக் கொடுக்க மாட்டான். டெட்சுவோவின் மொத்தக் கோபமும் அந்த பைக்கைச் சுற்றித்தான் இருக்கிறது. எப்போதும் நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டுமா என்ற கோபம். விபத்தில் அடிபட்டவனை ராணுவம் தூக்கிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்யப்போக, சக்தி விழித்துக்கொள்கிறது. பிறகு சொந்தக் கும்பலைச் சேர்ந்த யமகாட்டாவைக் கொல்கிறான், நகரத்தைக் கிழித்துக்கொண்டு போகிறான்.

விளைவு தெரியாது என்று இவனுக்காக வாதாடவே முடியாது. தெருவில் வளர்ந்தவனுக்குச் சாவு என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். குற்றத்தின் எடை சார்லியைவிடப் பல மடங்கு. இருந்தும் படம் பார்த்து முடித்ததும் சாரே, “பாவம்டா இவன்” என்றார். காரணம் ஒலிம்பிக் அரங்கத்துக் காட்சி. உடம்பு கட்டுமீறி ஊதிப் பெருக்கிறது, அதற்குள் சிக்கி அவன் காதலி காவோரி நசுங்குகிறாள், அவன் அலறுவது கனேடாவின் பெயரைச் சொல்லி. எவனை வெறுத்தானோ அவனைத்தான் கூப்பிடுகிறான். துப்பாக்கியோடு கொல்லத் தேடி வந்த கனேடாவும் அந்த வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொள்கிறான். பரிசோதனையில் இவனுக்கு முன்பே சிக்கிச் சிதைந்த குழந்தைகள் மூவர், திரும்பி வர முடியாது என்று தெரிந்தும், கனேடாவை மீட்க உள்ளே போகிறார்கள். அந்த மூன்று பேருக்கும் இருந்த அதே சக்தி, அதே அநியாயம், ஆனால் அவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் படம் காட்டிவிடுகிறது. டெட்சுவோவின் சார்பாக வாதாடுபவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னால் முழுசாகத் தாண்ட முடியவில்லை.

அந்தோணியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெரோம் பிக்ஸ்பி 1953-ல் எழுதிய சிறுகதையில் அவனுக்கு வயது 3, தொலைக்காட்சியில் 6. பிடிக்காதவர்களைச் சோளக்கொல்லைக்கு அனுப்பிவிடுவான். ஊரே, நல்ல காரியம் செய்தாய் கண்ணு என்று பல்லிளிக்கும். பிறந்தநாள் விருந்தில் ஒருவர் குடித்துவிட்டு வெடிக்கிறார், யாராவது பின்னாலிருந்து இவன் கதையை முடியுங்கள் என்று கத்துகிறார். ஒருவரும் அசையவில்லை. அவர் ஸ்பிரிங் பொம்மையாகிறார். சட்டப்படி அந்தோணி நிரபராதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழி இல்லாத இடத்தில் திருந்துவது எதிலிருந்து? தப்பு என்று ஒரு தடவைகூடச் சொல்லக் கேட்காதவன் அவன். 2003-ல் அதே நடிகர் பில் மூமி நாற்பதைத் தாண்டிய அந்தோணியாகத் திரும்ப வந்தபோதும் ஊர் பல்லிளித்துக்கொண்டுதான் இருந்தது.

(மனசை மாற்றும் வழியையும் சொல்லிவிடுகிறேன். அசிமோவின் ஃபவுண்டேஷன் வரிசையில் மற்றவர்கள் மனசை வளைத்துப் பேரரசு பிடிக்கும் மியூல் என்பவனின் மனசையே கடைசியில் வளைத்து, சாதுவாக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வழியில் மற்றவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. அதைத் திருந்தினான் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.)

மலை மந்திர் முருகன் கோயில் படியில் இறங்கும்போது அக்கா மகள் ஒன்று சொன்னாள். பிரம்மாவையே பிடித்துச் சிறையில் போட்டுவிட்டுப் படைப்புத் தொழிலைத் தானே எடுத்துக்கொண்ட பையன், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பையன், அவனுக்கு நாம் கோயில் கட்டிக் கும்பிடவில்லையா என்றாள். முருகனைப் போய் இந்தப் பட்டியலில் சேர்ப்பதா என்று சார் கடிந்துகொண்டார். எனக்கு அது சரியான உதாரணமாகவே பட்டது. சிவன் வந்து பிரம்மாவை விடு என்று சொன்னார், பிள்ளை கேட்டுக்கொண்டான். சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

மூன்று பையன்களையும் இந்த அளவுகோலில்தான் பிரிக்கிறேன். அந்தோணிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லி உயிரோடு இருந்தவர் யாருமில்லை, அதனால் அவன் கடைசி. டெட்சுவோவுக்குக் கனேடா இருந்தான். சொல்லவும் செய்தான். ஆனால் பெரும்பாலும் கேலியாகவும் தாமதமாகவும் சொன்னான். சார்லிக்குக் கிர்க் இருந்தார். சார்லி அவர் பேச்சைக் கேட்டான் என்பதற்கு அத்தியாயத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பாதி நாள் அவர் அதட்டினால் அடங்கினான். உன்னால் அடைய முடிந்தவை கோடி, அடைய முடியாதவை கோடி என்று அவர் சொன்னபோது முகம் சுருங்கினானே தவிர அவரை மறைய வைக்கவில்லை. எனவே இன்னொரு வாய்ப்பு ஒருவனுக்குத்தான் என்றால் என் ஓட்டு சார்லிக்கு. எண்டர்பிரைஸில் வைத்துக்கொள்ள அல்ல. அன்டாரிஸில் செத்தவர்களுக்கும் ராண்டுக்கும் அது அநியாயம். தாசஸுக்கே போகட்டும், ஆனால் கூடவே ஒரு மனித ஆளும் போக வேண்டும்.

அக்கா மகளுக்கு இது பிடித்துவிட்டது. பெரியவனாக வைத்துத் தண்டித்தாலும் சிறார் சட்டத்தில் மரண தண்டனையும் விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது, 21 வயதில் திருந்தியிருக்கிறானா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தாள். தாசியர்களின் தீர்ப்பில் அந்த மறுபார்வையே இல்லை என்பது அவள் ஆட்சேபம்.

“நாலு வருஷம் அங்க போய் யார் உட்கார்றது? நீ போவியா?” என்றார் சார்.

“நான் எதுக்கு? கிர்க் போகட்டும். தட்டக்கூடாதுன்னு ஏன் சொல்றோம்னு பாதியில விட்டவர் அவர்தானே. மீதியைச் சொல்லிக் குடுத்துட்டு வரட்டும்.”

கப்பலை யார் ஓட்டுவது என்று சார் கேட்டார். அவருக்கு அடுத்த அதிகாரி ஸ்போக் இருக்கிறாரே என்றாள்.