திருத்தக் கொடுத்த பழைய கணினியில் ஒளிந்து ஓடும் விஎன்சி: திருகோணமலையில் உள்ளவர்கள் கவனத்துக்கு

நகரில் ஒரு திருத்தும் கடையில் விண்டோஸ் அடித்து வாங்கிய பழைய கணினியில் அல்ட்ரா விஎன்சி சேர்வர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விஎன்சி என்பது ஒரு கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் மென்பொருள் வகை, சேர்வர் என்பது பார்க்கப்படும் கணினியில் ஓடும் பகுதி. ஊர்ச்சனத்தின் அடையாள அட்டைப் பிரதியும் வங்கி விண்ணப்பமும் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஒரு கொமியூனிகேஷன் கடையின் கணினி அது. பற்றுச்சீட்டில் "விண்டோஸ் 7, ஒஃபிஸ்" மட்டும்தான் இருந்தது. திருத்தும் கடையில் கேட்டதற்கு, "கோளாறு வந்தா இங்கயிருந்தே பாக்கத்தான் போட்டனாங்கள்" என்று பதில். அதற்குத் திரையின் மூலையில் தெரியும் ஐகனை மறைக்கத் தேவையில்லை. சேர்வரின் அமைப்புகள் எழுதப்படும் ஐஎன்ஐ கோப்பில் 'டிசேபிள் ட்ரே ஐகன்' என்ற வரிக்கு 1, அதாவது ஐகனை மறை என்று போட்டிருந்தது. அது தானாக 1 ஆகாது.

திரையின் மூலையில் ஐகன் இல்லையென்றால் ஒன்றும் ஓடவில்லை என்று நம்பாதீர்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் சேர்விஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) உங்கள் திரையிலிருந்து பிரிந்த தனி செஷனில் ஓடுகின்றன, அவற்றால் உங்கள் திரையில் எதையும் காட்ட முடியாது. ஐகனைக் காட்டுவது வேறொரு புரோசஸ் (ஓடும் நிரல்). அது இல்லாமலும் சேர்விஸ் ஓடும்.

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப் வழியாக எக்ஸ்பி புரொபெஷனலுக்கோ 7 புரொபெஷனலுக்கோ ஒருவர் நுழைந்தால் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடும். ஹோம் பதிப்புகளுக்குள் அப்படி நுழைய வசதியில்லை என்பதாலும் கடைகள் விஎன்சியைப் போடலாம். விஎன்சி திரையைப் பூட்டாது. மவுஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு அசைவும் தெரியாது. டெஸ்க்டொப் படம் திடீரென மறைந்து வெறுந்திரையானால் சந்தேகப்படுங்கள், ஆனால் அந்த அடையாளத்தையும் அமைப்பில் நிறுத்திவைக்கலாம்.

சோதிப்பதற்குக் கமாண்ட் புரொம்டில், கணினியின் வலைத் தொடர்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு (netstat -ano) ஓட விடுங்கள். 'லிஸனிங்' (தொடர்புக்குக் காத்திருக்கும்) வரிகளில் 5900, 5800 என்ற போர்ட் இலக்கங்கள் (தொடர்பு நுழையும் வாசல் எண்கள்) இருந்தால் பெரும்பாலும் விஎன்சி, 3389 என்றால் ரிமோட் டெஸ்க்டொப். போர்ட் இலக்கத்தை மாற்றியிருக்கலாம் என்பதால் கடைசி நிரலில் உள்ள பிஐடியை (புரோசஸின் அடையாள எண்ணை) டாஸ்க் மனேஜரில் தேடுங்கள். அங்கே வியூ மெனுவில் பிஐடி நிரலைச் சேர்க்க வேண்டும், 7இல் எல்லாப் பயனர்களின் புரோசஸ்களையும் காட்டும் பட்டனையும் அழுத்த வேண்டும். வின்விஎன்சி, டிவிஎன்சேர்வர் என்ற பெயர்கள் அகப்படலாம். பெயர் மாறியிருந்தால் சேர்விசஸ் பட்டியலில் ஒவ்வொன்றின் புரொபர்ட்டீஸிலும் கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

உள்ளிருந்து வெளியே தொடர்பெடுக்கும் வகையும் உண்டு. விஎன்சியில் அதற்கு வழக்கமான இலக்கம் 5500. இதே வேலையைச் செய்யும் டீம்வியூவரும் எனிடெஸ்க்கும் வெளியே போய்த்தான் இணைகின்றன. ரூட்டரில் போர்ட் திறக்கவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாமல் நெட்ஸ்டாட்டின் 'எஸ்டாப்லிஷ்ட்' (இணைந்திருக்கும்) வரிகளையும் பாருங்கள்.

இதிலே மிகவும் பயப்பட வேண்டியது பாஸ்வேர்ட். வழக்கமான விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துகளுக்கு மேல் கணக்கில் வராது. அல்ட்ரா விஎன்சியின் ஐஎன்ஐ கோப்பில் அது பூட்டித்தான் இருக்கும், ஆனால் எல்லாரும் அறிந்த ஒரே சாவியால் பூட்டப்பட்டது என்பதால் நொடியில் வெளியே எடுக்கலாம். கடை எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருந்தால், ஒரு கணினி கையில் கிடைத்தவனுக்கு மற்றவற்றின் திறப்பும் கிடைத்த மாதிரி. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. 2019இல் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டொப் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்படாத கணினியில் 3389 திறந்திருந்தால் பாஸ்வேர்ட்கூட வேண்டாம்.

டாஸ்க் மனேஜரில் நிறுத்தினால் சேர்விஸ் அதைத் திரும்பவும் எழுப்பும். முதலில் நெட்ஸ்டாட் திரை, சேர்விஸ், ஐஎன்ஐ கோப்பு மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது குற்றம். முறைப்பாடு செய்யப் போனால் அந்தப் படங்கள் வேண்டும். பிறகு சேர்விஸை நிறுத்தி 'டிசேபிள்ட்' ஆக்கி, கண்ட்ரோல் பனலில் மென்பொருளை நீக்கி, ஃபயர்வோலில் அதற்குத் தந்த விதிவிலக்கையும், வெளியிலிருந்து வரும் தொடர்பைக் கணினிக்குத் திருப்பும் ரூட்டரின் போர்ட் ஃபோர்வர்டிங்கையும் அழியுங்கள். ரூட்டர், மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்ட்களை அந்தக் கணினியில் அல்லாமல் வேறொன்றில் இருந்து மாற்றுங்கள்.